மூன்றாவது ஜன்னல்

அந்த நாற்காலி சிறு பிள்ளைகளுக்காகச் செய்தது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். காலை நீட்டினால் நடைக்கூடத்தின் பாதி அடைபடும். மடக்கினால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். பெரிய நாற்காலி கிடைக்குமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தான்.

"பெரிய நாற்காலின்னா பாப்பாவால தள்ள முடியாதே சார்" என்றார் ஆலோசகர்.

அது நியாயம்தான். தள்ள வேண்டியது மகள். உட்கார வேண்டியது மட்டும்தான் அவன்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மாணவர், குடும்ப ஆதரவுப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அதற்கு முன் தெரியாது. அந்தப் பிரிவிலிருந்து வருகிற ஆலோசகருக்கு இந்தப் பள்ளியோடு சேர்த்து இன்னும் சில பள்ளிகளும் பொறுப்பு. எங்கேயும் அவருக்கென்று சொந்த அறை கிடையாது. இங்கே, விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையைப் பாதி காலி செய்து கொடுத்திருந்தார்கள். வலைப்பைகளில் பந்துகள் இன்னும் சுவரில் தொங்கின. பிள்ளைகள் அவரைப் பந்து மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

பந்து மிஸ் சொன்ன ஏற்பாடு இதுதான். முதலில் வகுப்புக்குள்ளேயே, அலமாரிக்குப் பக்கத்தில் அவன் உட்கார வேண்டும். மகளுக்குத் தைரியம் வர வர நாற்காலி தள்ளிப் போகும். வாசல். அதற்கப்புறம் நடைக்கூடத்தில் முதல் ஜன்னல், இரண்டாவது ஜன்னல், மூன்றாவது ஜன்னல். பிறகு நடைக்கூடம் திரும்புகிற மூலை. அங்கே போய்விட்டால் மகளின் இடத்திலிருந்து அவன் தெரியமாட்டான். மூலைக்கு அப்புறம் படிக்கட்டு, படிக்கட்டுக்கு அப்புறம் கேட். கேட்டுக்கு அப்புறம் அவனுடைய வேலை.

"ரெண்டே ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார். "நாற்காலியை அவதான் தள்ளணும். நீங்க தள்ளக் கூடாது, டீச்சர் தள்ளக் கூடாது, யாரும் கெஞ்சக்கூடக் கூடாது. இன்னொண்ணு, அவகிட்ட பொய் சொல்லக் கூடாது. அஞ்சு நிமிஷம் எங்கேயாவது போறதா இருந்தாலும் சொல்லிட்டுத்தான் போகணும். ஒரு தடவை ஏமாத்தினீங்கன்னா மறுபடியும் அலமாரிகிட்ட இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

அதனால் அவன் சிறுநீர் கழிக்கப் போவது மூன்றாம் வகுப்பு முழுவதற்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. ஜன்னல் வழியாகச் சுண்டுவிரலைக் காட்டுவான். மகள் தலையசைப்பாள். பின்வரிசையிலிருந்து ஒரு வாண்டு, "சீக்கிரம் வந்துடுங்க அங்கிள், மிஸ் கணக்கு போடச் சொல்லப் போறாங்க" என்று கத்துவான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நாலைந்து பேர் கை தட்டுவார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

நடைக்கூடம் துடைக்கிற அக்கா தினமும் அவன் முன்னால் வாளியை வைத்துவிட்டு நிற்பாள்.

"காலைத் தூக்குங்க சார்."

தூக்குவான்.

"இந்தக் கட்டடத்துலயே உங்க காலுக்கு அடியில இருக்கிற தரைதான் சுத்தமா இருக்கு. ரிட்டயர் ஆகிற வரைக்கும் இங்கதானா?"

"பென்ஷன் உண்டான்னு கேட்டுச் சொல்லுங்கக்கா."

"எனக்கே இல்லயாம். உங்களுக்குக் கேக்குதா?"

அவள் போன பிறகு ஈரம் காயும்வரை காலைக் கீழே வைக்க முடியாது. நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் குதிகாலை ஊன்றி, கூண்டில் உட்கார்ந்த பறவை மாதிரி இருப்பான். உள்ளே ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கும்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பள்ளி நாளின் மதியத்தில், அவள் அம்மா மருத்துவமனையில் இறந்துபோனாள். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, வயிற்றுவலி என்று தானே நடந்து போய் ஆட்டோவில் ஏறியவள். பள்ளி விடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மகள் பல மாதம் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய் வந்தாள். எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். குழந்தைக்கு எவ்வளவு முதிர்ச்சி பாருங்கள் என்றார்கள். பிறகு ஒரு நாள் காலையில் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே போகமாட்டேன் என்று நின்றாள். அழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அப்பா கூடவே வந்தால்தான் வருவேன் என்றாள்.

துக்கம் சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று பந்து மிஸ் விளக்கினார். பள்ளியில் இருந்தபோது அம்மா போய்விட்டதால், மறுபடியும் பள்ளியில் இருக்கும்போது அப்பாவும் போய்விடுவாரோ என்ற பயம். அவனுக்கு அது புரிந்தது. கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

அலமாரியிலிருந்து மூன்றாவது ஜன்னல்வரை நாற்காலி மளமளவென்று போயிற்று. திங்கட்கிழமை காலைகளில் மகளே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து, தரையில் கிரீச் என்று சத்தம் வர இழுத்துப் போவாள். வகுப்பே எட்டிப் பார்க்கும். மூன்றாவது ஜன்னலுக்கு வந்தவுடன் நின்றுவிட்டாள். அந்தத் திங்கள் தள்ளவில்லை. அடுத்த திங்களும் தள்ளவில்லை. நாற்காலியின் முதுகைத் தொடுவாள், அவன் முகத்தைப் பார்ப்பாள், வகுப்புக்குள் போய்விடுவாள். அவனுக்கு அந்தச் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறை, கை கழுவும் முறை, தீப்பிடித்தால் இறங்க வேண்டிய படிக்கட்டு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன.

இத்தனைக்கும் வகுப்பில் அவள் நன்றாக இருந்தாள். அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்துப் பெண்ணோடு குசுகுசுவென்று பேசினாள். கையைத் தூக்கிப் பதில் சொன்னாள். ஒரு முறை ரொம்பச் சத்தமாகச் சிரித்ததற்கு டீச்சரிடம் திட்டுக்கூட வாங்கினாள். பயந்த பிள்ளை செய்கிற காரியம் எதுவும் அவளிடம் இல்லை. அவ்வப்போது தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அடுப்பில் பால் வைத்தவள் வேறு வேலை செய்துகொண்டே ஒரு கண்ணை அங்கே வைத்திருப்பதைப் போல.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில், மச்சான் வந்தார். அவன் மனைவியின் அண்ணன். அவன் வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியும் அவர்தான். சட்டையில் 'பார்வையாளர்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டு, நடைக்கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, அவன் எதிரில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்ன மாப்ள, இந்த வருஷமாவது பாஸ் ஆயிடுவியா?"

"ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்திருக்கேன் மச்சான்."

"நல்லது. கடையிலயும் கணக்கு தெரிஞ்ச ஆள் இல்ல."

சிரித்தார்கள். பிறகு பேச்சு நின்றது. இருவருக்கும் இடையில் எப்போதும் வந்து உட்காரும் மௌனம்தான் அது. அவள் இறந்த பிறகு மச்சான் தன் தங்கையின் பெயரைச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"நீ போனதுக்கப்புறம் ஒருத்தரைப் போட்டேனே," என்று மச்சான் ஆரம்பித்தார். "நேத்து ஒரு அம்மாவுக்கு இடது கண்ணு லென்ஸை வலது பக்கம் மாட்டிக் குடுத்துட்டான். அவங்க அதைப் போட்டுக்கிட்டு கடைப் படியில இறங்கப் பாத்தாங்க. நல்லவேளை, நம்ம கடைக்குப் படி ரெண்டுதான்."

"விழுந்துட்டாங்களா?"

"என் மேல விழுந்தாங்க."

விளையாட்டுத் திடலிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது. மச்சான் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். மகள் உள்ளே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜடை கோணலா இருக்கே."

"நான்தான் பின்னினேன்."

மச்சான் கொஞ்ச நேரம் அந்த ஜடையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன் மாப்ள. தப்பா நினைக்காத. கடை தாங்காது. அன்னைக்கு நீ வரலைன்னா வேற இடத்துல லென்ஸ் தேய்க்கிற ஆள் ஒருத்தர் இருக்கார், அவரை நிரந்தரமா எடுத்துக்கப் போறேன். வந்தவரை அப்புறம் போகச் சொல்ல முடியாது."

"புரியுது மச்சான்."

"உனக்கும் அது நல்லது. சும்மா உட்கார்ந்தே இருந்தா ஆள் கெட்டுப் போயிடுவான்."

அவர் போன பிறகு அந்தக் கடைசி வாக்கியம் அவன் காலடியில் கிடந்தது. சும்மா உட்காருவது என்றால் என்ன என்று மச்சானுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான். கடையின் உள்ளறை அவன் நினைவுக்கு வந்தது. ஜன்னல் இல்லாத அறை. தேய்க்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு விளக்கு, ஒரு முக்காலி, கதவுக்குப் பதில் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் போய்விட்டால் மாலைவரை யாரும் அவன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்கமாட்டார்கள். நல்லா இருக்கேன் என்று அவனும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறை அவனுக்கு வேண்டும். சம்பளத்தைவிட அந்தத் திரைதான் வேண்டும். இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை வீட்டுக்கு நடந்து போகும்போது, கெஞ்சக் கூடாது என்ற விதியை மீறினான்.

"குட்டிம்மா. திங்கக்கிழமை நாற்காலியை மூலைக்குத் தள்ளிடேன்."

மகள் நடைபாதைக் கல்லில் கோட்டை மிதிக்காமல் நடப்பதில் கவனமாக இருந்தாள்.

"தள்ளினா நீங்க எங்க போவீங்க?"

"அங்கயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாமா கடைக்குப் போவேன். வேலைக்கு."

"கடையில வெளி ரூமா, உள் ரூமா?"

"உள் ரூம்தான். மெஷின் அங்கதானே இருக்கு."

"அங்க கூட யார் இருப்பா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான். ஏன்?"

ஒரு கோட்டை மிதித்துவிட்டாள். பின்னால் வந்து அந்தக் கல்லை மறுபடி தாண்டினாள்.

"நான் ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், யாரோ குறை சொன்னதற்குப் பதில் சொல்வதைப் போல.

"தெரியுமே. அதனாலதான் கேக்கறேன்."

"தெரிஞ்சா சரி."

வீடு இரண்டாவது மாடியில். படியேறிப் போனதும் அவன் சாவியைப் போட்டுத் திறக்க, அவள் அவனைத் தாண்டிக்கொண்டு முதலில் உள்ளே போனாள். முன்னறை விளக்கு, சமையலறை விளக்கு, படுக்கையறை விளக்கு, குளியலறை விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இருட்டு என்றால் அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அவன் நினைத்தான். அதையும் பந்து மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பீரியடில் அவர்கள் மூவரும் பந்து அறையில் உட்கார்ந்தார்கள். பழைய ரப்பர் வாசனை. ஆலோசகர் மேஜைக்குப் பின்னால் உட்காராமல் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் கேட்டுக்கொண்டபடி திங்கட்கிழமை விஷயத்தை அவரே எடுத்தார்.

"பாப்பா, அப்பா திங்கக்கிழமை வேலைக்குப் போகணுமாம். இல்லன்னா அந்த வேலை போயிடுமாம். உன்னை யாரும் கட்டாயப்படுத்தலை. தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறேன். நாற்காலி ஏன் மூணாவது ஜன்னல்லயே நிக்குது?"

மகள் சுவரில் தொங்கிய பந்துகளைப் பார்த்தாள்.

"கிளாஸ்ல பயமா இருக்கா?"

"இல்ல மிஸ்."

"யாராவது கிண்டல் பண்றாங்களா?"

"அப்பாவைத்தான் பண்றாங்க. ஒண்ணுக்குப் போறதுக்கு."

ஆலோசகர் சிரிக்காமல் தலையசைத்தார். "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா?"

மகள் பேசவில்லை. ஆலோசகரும் பேசவில்லை. மௌனத்தைத் தாங்கத் தெரிந்தவர் அவர். அவனுக்கும் மௌனம் பழக்கம்தான். ஆனால் இந்த மௌனத்தில் ஏதோ நெருங்கி வருவதைப் போலிருந்தது. எழுந்துபோய் ஒரு ஜன்னலைத் திறக்கலாம் என்று பார்த்தான். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

"அப்பா தனியா இருந்தா லைட் போடமாட்டார்" என்றாள் மகள்.

"எப்போ?"

"எப்பவுமே. நான் ஸ்கூல்ல இருந்து வரும்போது தெருவுல இருந்து பாப்பேன். ஜன்னலெல்லாம் சாத்தி, எங்க வீடு மட்டும் இருட்டா இருக்கும். நான் படியேறும்போதுதான் லைட் எரியும். சத்தம் கேட்டுப் போடுவார். சாப்பாடு அப்படியே இருக்கும். காலையில எந்தச் சட்டையோ அதேதான் இருக்கும். நான் உள்ள வந்தா, வாம்மா, அப்பா இப்பதான் வந்தேன்னு சொல்வார். வந்திருக்க மாட்டார். செருப்பு நான் காலையில பாத்த இடத்துலயே இருக்கும்."

அவன் மகளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு லைட் எரியவே இல்ல" என்றாள்.

"என்னைக்கு பாப்பா?"

"நான் கேட்டைப் பிடிச்சுக்கிட்டேனே, அதுக்கு முதல் நாள். படி ஏறி முடிச்சுட்டேன். அப்பவும் எரியல. ரொம்ப நேரம் கதவைத் தட்டினேன். அப்புறம் கீழ் வீட்டு ஆன்ட்டி வந்து தட்டினாங்க. அப்புறம்தான் திறந்தார். தூங்கிட்டேன்னு சொன்னார்." மகள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "தூங்கினா அப்பாவுக்கு முகத்துல தலகாணிக் கோடு விழும். அன்னைக்குக் கோடு இல்ல."

வெளியே யாரோ நடைக்கூடத்தில் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் மூலையில் திரும்பி அடங்கியது.

அவனுக்கு அந்த மாலை ஞாபகம் இருந்தது. தட்டும் சத்தம் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. எழுந்து நான்கு அடி போனால் கதவு. எழ முடியவில்லை. யாரும் கட்டிப்போடவில்லை, காலில் அடியில்லை, உடம்பில் காய்ச்சலில்லை. மகள் அப்பா அப்பா என்று கூப்பிடக் கூப்பிட, அவன் அதை வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற விஷயமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்குப் போவதையும் அந்த நாட்களில்தான் ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கியிருந்தான். மச்சானிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுவான். பிறகு மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டபோது, உள்ளூர ஒரு நிம்மதி வந்ததை அவன் மறந்துவிடப் பார்த்திருந்தான். காலையில் எழ, சட்டை மாற்ற, ஒரு இடத்துக்குப் போக, யாரோ காரணம் கொடுத்துவிட்டார்கள். தன்னை அந்த நாற்காலியில் சிறை வைத்தது மகள் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ ஜன்னல் வழியா நீ..."

"பாத்துப்பேன்" என்றாள் மகள். "மூலைக்குப் போனா தெரியாது."

"உள் ரூம்லயும் தெரியாது" என்று சேர்த்தாள், அவனைப் பார்த்து.

பிறகு ஆலோசகர் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"சார், இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கதான் அவகிட்ட சொல்லணும்."

என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நல்லா இருக்கேன். இரண்டு வார்த்தை. கடந்த எத்தனையோ மாதங்களாக மச்சானிடம், கீழ் வீட்டில், டீச்சரிடம், துடைக்கிற அக்காவிடம், ஃபோனில், தெருவில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். அது கஷ்டமான சமயம், அம்மா போன புதுசு, இப்போ அப்பா நல்லா இருக்கேன் என்று சொன்னால் போதும். குழந்தைதானே. திங்கட்கிழமை நாற்காலி மூலைக்குப் போகும். அடுத்த வாரம் படிக்கட்டு. மச்சானிடம் ஒரு வாரம் தவணை கேட்டால் கொடுப்பார். அதற்கப்புறம் சக்கரமும் சொட்டும் தண்ணீரும் அந்தத் திரையும்.

தலையை நிமிர்த்தினான். மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸைத் தேய்த்து முடித்ததும் அவன் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, சாய்த்து, திருப்பி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. அவளிடமிருந்து ஒன்றும் தப்பப்போவதில்லை. அவன் பொய் சொன்னால் அவள் நம்பியதாகத் தலையாட்டுவாள். நாற்காலியை மூலைக்கும் தள்ளிவிடுவாள். பிறகு வகுப்பில் உட்கார்ந்து, அவன் தெரியாத ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இல்லம்மா" என்றான். "அப்பா நல்லா இல்ல."

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. கனமான பையைக் கழற்றி வைத்தவளைப் போல ஒரு மூச்சு விட்டாள். பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், நீங்க இன்னைக்கு எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"மதியம் வேற ஸ்கூலுக்குப் போகணும் பாப்பா..." என்று தொடங்கிய ஆலோசகர் நிறுத்தினார். "போகல. இருக்கேன்."

"ஸ்கூல் விடுற வரைக்கும்?"

"ஸ்கூல் விடுற வரைக்கும்."

"நடுவுல எங்கயாவது போனா?"

"உன் கிளாஸுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போவேன். நான் போனாலும் வேற பெரியவங்க ஒருத்தர் அப்பாகூட இருப்பாங்க."

"திங்கக்கிழமை?"

"அதையும் நான் பாத்துக்கறேன். அது உன் வேலை இல்ல. எங்க வேலை. நான் முன்னாடியே கேட்டிருக்கணும்."

மகள் அதை யோசித்தாள். அவர் முகத்தையும் ஒரு முறை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"அவர் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்வார். நம்பாதீங்க" என்றாள். "காலையிலயும் சாப்பிடல."

எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சட்டைப் பொத்தானை ஒரு முறை தொட்டாள்.

"கணக்கு பீரியட் ஆரம்பிச்சிருக்கும். போகட்டுமா?"

அவன் தலையாட்டினான். அவள் வெளியே போய், கதவைக் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்கும்வரை இழுத்துச் சாத்தினாள்.

அவன் எழப் பார்த்தான். பழக்கம். மூன்றாவது ஜன்னலுக்குப் போய் உட்கார வேண்டும் என்று கால் நினைத்தது.

"உட்காருங்க சார்" என்றார் ஆலோசகர். "இனிமே அங்க உட்கார வேண்டாம்."

"பின்ன எங்க போறது?"

"இப்போதைக்கு எங்கயும் போக வேண்டாம். உங்களைத் தனியா அனுப்ப எனக்கு மனசு வரல, அனுப்பவும் கூடாது. டாக்டர் ஒருத்தர்கிட்ட பேசணும். யாரையாவது கூப்பிடணும். யாரைக் கூப்பிடலாம்?"

அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அறை இன்னும் சின்னதாகிவிட்டது. தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றியது. ஒரே ஒரு பொய்யில் வெளியே போயிருக்கலாம். இனி மச்சானுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியும், ஒரு டாக்டருக்குத் தெரியும். எப்படி இருக்கீங்க என்று எல்லோரும் கேட்பார்கள், பதிலுக்காக நிற்பார்கள். கதவு சாத்தியிருந்தது. சாத்தியவள் தன் பெண் என்பதால் அவனால் அதைத் திறக்க முடியவில்லை.

ஃபோனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டான். மறுமுனையில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"சொல்லு மாப்ள. தள்ளிடுச்சா?"

"இல்ல மச்சான். திங்கக்கிழமை நான் வரல."

"ஏன்டா?" மச்சான் அவனை டா போட்டுப் பேசி வருடங்கள் ஆயிற்று.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். உங்க தங்கச்சி போனதுல இருந்து எனக்கு..."

சக்கரத்தின் சத்தம் நின்றது. யாரோ அதை அணைத்திருக்க வேண்டும். மச்சான் மூச்சு விடுவது கேட்டது. அந்த வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. மச்சான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"எங்க இருக்க? நடைக்கூடத்துலயா?"

"இல்ல. பந்து வெக்கிற ரூம்ல."

"கூட யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

"வரேன்" என்றார் மச்சான். ஃபோனை வைக்காமலே யாரிடமோ ஷட்டரை இறக்கச் சொன்னார்.

கடையிலிருந்து பள்ளிக்கு நடந்து வர நேரமாகும். அதுவரை இருக்க வேண்டும். ஆலோசகர் எதையும் எழுதவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். நெடுநேரம் கழித்துக் கேட்டார்.

"கதவு தட்டினாங்களே, அன்னைக்கு எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

அவன் பந்துகளைப் பார்த்தான். ஒன்றில் காற்று இறங்கி ஒரு பக்கம் குழிந்திருந்தது. நடைக்கூடத்தில் ஒரு வகுப்பு வரிசையாகப் போனது. அந்தக் காலடிச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தான். ஆலோசகரும் காத்திருந்தார்.

"சமையலறையில" என்றான். "தரையில. அவ அம்மா எப்பவும் நிக்கிற இடத்துல."